பயிற்சி அறை, நான்காம் கணினி

ஆபீஸுக்குள்ளேயே யாரோ என் வேலைக்கு வேட்டு வைக்கிறார்கள் என்று ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கண்டுபிடித்தேன்.

நான் உதவிப் பக்கங்கள் எழுதுகிறவள். சின்ன ஆஸ்பத்திரிகளின் வரவேற்பு மேஜைகளில் ஓடும் மென்பொருள் எங்களுடையது. நோயாளி பெயரைப் பதிவது, படுக்கை ஒதுக்குவது, பரிசோதனை ரிப்போர்ட்டை உரியவருக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு ஏதாவது புரியவில்லை என்றால் உதவிப் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் கட்டத்தில் தட்டித் தேட வேண்டும். தட்டினால் கிடைக்காது. நூறு தேடலில் நாற்பத்தொன்று வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தன. மாதக் கடைசிக்குள் அதை இருபதுக்குக் கீழே இறக்கினால் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம். இல்லாவிட்டால் நான்காவது தடவையாக மூன்று மாத நீட்டிப்பு.

தினமும் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்பாள்: "குடுத்துட்டாங்களா?"

லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா சொல்வார்: "நம்ம வீட்ல மொத ஆளா படிச்சதுக்கு ஒரு காகிதம் குடுத்தாங்க. செய்யுற வேலைக்கு ஒரு காகிதம் குடுக்க இவ்ளோ யோசனையா?"

பழைய பக்கங்களை எழுதியவர் எங்கள் சீனியர். மனசுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. யார் எழுதியதைக் கொடுத்தாலும், படிக்கும் முன்பே கடைசி வரியில் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். அப்பா பேராசிரியர், தாத்தா தலைமை ஆசிரியர் என்பதை அறிமுகமான ஐந்தாவது நிமிஷத்தில் எனக்குச் சொல்லிவிட்டார். ஒரே நோயாளியின் பெயர் இரண்டு தடவை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று அவர் ஒரு நல்ல பக்கம் எழுதியிருந்தார். அதன் தலைப்பு, "இரட்டைப் பதிவுகளை ஒருங்கிணைத்தல்". எந்தப் பெண் அப்படித் தேடுவாள்?

"சரியான வார்த்தையில தேடினா சரியா கிடைக்கும்," என்பார்.

"சரியான வார்த்தை தெரிஞ்சிருந்தா அவ எதுக்கு சார் தேடுறா?"

"அதுக்காகக் கொச்சையா எழுத முடியுமா?"

முடியும் என்று காட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் ஜனங்கள் பேசுகிற வாக்கியங்களைச் சேர்த்தேன். "ஒரே ஆளு ரெண்டு தடவ வந்துட்டாங்க." "பேர் தப்பா போட்டுட்டேன்." நாற்பத்தொன்று முப்பத்துமூன்று ஆயிற்று. பிறகு இருபத்துநான்கு. பிறகு பத்தொன்பது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அது இருபத்துமூன்று. மறுநாள் இருபத்தேழு.

எந்தத் தேடல்கள் வெறுங்கையோடு திரும்பின என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நீள நீளமான வாக்கியங்கள்.

"நேத்து பொறந்த பாப்பாவ காணோம் அம்மா பேரு மட்டும் இருக்கு."

"பெட்டு காலின்னு காட்டுது ஆளு படுத்திருக்காரு."

"தப்பா அமுக்கிட்டேன் திட்டுவாங்க."

திட்டுவாங்க என்று எவளாவது தேடுவாளா? இது கேலி. நான் சேர்த்த வாக்கியங்களைப் பார்த்து யாரோ எங்கள் பேச்சைப் பேசிக் காட்டுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து இல்லை. எங்கள் ஆபீஸ், பயிற்சி அறை, நான்காம் கணினி. தினமும் பதினொன்றிலிருந்து பதினொன்றே கால், மறுபடியும் ஒன்றரையிலிருந்து இரண்டு.

பயிற்சி அறையில் வியாழக்கிழமை வகுப்பு எடுப்பவர் முற்றுப்புள்ளி. சரியாகப் பதினொரு மணிக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவரும் அவர்தான். இதற்குமேல் என்ன வேண்டும்?

"டெய்லி பதினொரு மணிக்கு எங்க சார் போறீங்க?"

"ஏன், அட்டெண்டன்ஸ் இப்ப நீதான் எடுக்குறியா?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்குற ஆளா?" என்று சொல்லிவிட்டு வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பும் எனக்குத் திருட்டுத்தனமாகவே பட்டது.

வரவேற்பில் ஹலோ அக்காவிடம் போனேன். ஆறு வருஷம் எங்கள் உதவித் தொலைபேசியை எடுத்தவள். எடுத்ததும் அவள் சொல்லும் ஹலோவே அவள் பெயராகிவிட்டது. தேடல் இனி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும், தொலைபேசி எதற்கு என்று ஐந்து மாதம் முன்பு மேனேஜர் அந்த லைனை மூடி, அவளை வாசலில் உட்காரவைத்தார். அந்தத் தேடல் என்னுடையது. அன்றிலிருந்து அக்கா என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசுவாள்.

"அக்கா, பயிற்சி ரூம் சாவி யாரு எடுக்குறாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? வர்றவங்கள பாக்கத்தான் என்னை இங்க வச்சிருக்காங்க. சாவிய இல்ல."

சொல்லும்போதே அவள் கை மேஜை டிராயர்மேல் போய் உட்கார்ந்தது. சரிதான், இவளும் அவருக்குக் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

மேனேஜரிடம் புகார் செய்தேன். "பேர் சொல்லாத. ஆதாரம் கொண்டா," என்றார்.

கொண்டுவருகிறேன் என்று ஒரு பொறி வைத்தேன். அந்த வாரம் மட்டும் ஒரு வாக்கியம் நான்கு தடவை வந்திருந்தது: "ரிப்போர்ட்டு மாறி வேற ஆளுக்குப் போயிடுச்சு." அதே தலைப்பில் ஒரு பொய்ப் பக்கம் செய்தேன். உள்ளே மூன்றே வரி. "நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை நாளாக இதைச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். இன்று மேலிடத்துக்குச் சொல்லப்போகிறோம்." ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று, எங்கள் ஆபீஸ் கணினிகளில் மட்டும் தெரியும்படி பூட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முற்றுப்புள்ளி எழுந்து போனார். ஐந்து நிமிஷம் விட்டு, போனில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு பயிற்சி அறைக் கதவருகே போய் நின்றேன். உள்ளே விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல். பெண் குரல்.

"இரும்மா, பதறாத. ரிப்போர்ட்டு மாறி... வேற ஆளுக்குப்... போயிடுச்சு. தட்டிட்டேன். இந்தா வந்துடுச்சு! இத்தன நாளா வரல, இன்னைக்கு வந்துடுச்சு பாரு. படிக்கிறேன், அப்படியே செய். நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை நாளாக இதை..."

குரல் நின்றது.

"அய்யோ, இது உனக்கில்லம்மா. அழாத. ஹலோ? ஹலோ?"

கதவைத் திறந்தேன். ஹலோ அக்கா தலையில் ஹெட்போனோடு நான்காம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பழைய தொலைபேசி. என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த போனைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

"நீ எழுதினதா இது?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு வேலைக்கு வந்து ரெண்டு நாள் ஆகுது. சக்கர இல்லாத ஆளுக்கு வேற ஒருத்தரோட சக்கர ரிப்போர்ட்ட அனுப்பிட்டா. அந்த ஆளு இப்ப டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருக்காரு, மாத்திர எழுதி வாங்க. இவ லைன வச்சிட்டு ஓடிட்டா."

வீடியோவை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. "திருப்பிக் கூப்பிடுங்க," என்றேன்.

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு ஆண் எடுத்து, வரவேற்பில் ஆள் இல்லை, பாத்ரூமில் அழுதுகொண்டிருக்கிறாள் என்றார். அக்கா விட்ட அதட்டலில் அவர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். நான் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன்.

"ரிப்போர்ட் பக்கத்தைத் திறங்க. அந்த ஆளு பேருக்கு நேரா மூணு புள்ளி இருக்கும். அத அமுக்குங்க. 'திரும்பப் பெறு'ன்னு வருதா?"

"வருது." மூக்கை உறிஞ்சினாள். "எங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா? என்னை எடுத்துடுவாங்களா?"

"யாரும் யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல அமுக்குங்க."

"அமுக்கிட்டேன். போயிடுச்சு."

"இப்ப எழுந்து டாக்டர் ரூமுக்குப் போங்க. ரிப்போர்ட் மாறிடுச்சு, புதுசு வருதுன்னு சொல்லுங்க. ஓடுங்க."

"ஆனா தெரியும்னு அதுல எழுதியிருந்துச்சே?"

"அத எழுதினது ஒரு முட்டாள்."

"யாரு?"

"நான்தான். ஓடுங்கம்மா!"

இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, டாக்டர் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை என்று சொன்னாள். அக்கா மூச்சை விட்டாள். நான் விடவில்லை.

"லைன்தான் மூடியாச்சே அக்கா?"

"மூடிட்டோம்னு சொன்னாங்க. ஒயர யாரும் புடுங்கல. நம்பர் எல்லா ஆஸ்பத்திரிச் செவுத்துலயும் ஒட்டியிருக்கு. மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, வாசல் வரைக்கும் கேக்கும். உங்க காதுலதான் எல்லாரும் எதையாவது மாட்டியிருக்கீங்களே. டீ நேரத்துலயும் சாப்பாட்டு நேரத்துலயும் வந்து எடுக்குறேன். போன வாரம் ஸ்கிரீன எல்லாம் புதுசா மாத்திட்டீங்க, எனக்கும் ஒண்ணும் தெரியல. அதான் தேடுறேன்."

"அதுக்கு ஏன் இப்படி நீளமா?"

"ஆறு வருஷம் அப்படித்தான வேல. அவங்க சொல்றத ஒரு வார்த்த விடாம தட்டணும்னு ரூலு. காதுல விழுந்தா கை தட்டிடும்."

கேலி இல்லை. ஒரு வார்த்தை விடாமல் அந்தப் பெண்களின் வாய். "திட்டுவாங்க" உட்பட. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் நூலகக் கணினியில் நான் தட்டியது நினைவுக்கு வந்தது: "முதல் வருசம் என்ன புக்கு படிக்கணும்." பின்னால் நின்றவன் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தான். அவன் சட்டை நிறம்கூட மறக்கவில்லை. நான் அப்படித் தட்டியதைத்தான் மறந்திருக்கிறேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"என் வேலைய எடுத்தவகிட்டயே போய்ச் சொல்லச் சொல்றியா?"

வெளியே வந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் முற்றுப்புள்ளி கேக் தின்றுகொண்டிருந்தார். டயட்டில் இருப்பதாக ஒரு மாதமாக ஆபீஸ் முழுக்கத் தண்டோரா போட்டவர். என்னைப் பார்த்ததும் விக்கிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

பொய்ப் பக்கத்தை முதல் வேலையாக அழித்தேன். மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். என் புகாரைப் பிடித்துக்கொண்டு அவரே விசாரித்து முடித்திருந்தார்.

"நம்ம ரிசப்ஷன் அம்மாதானாமே. அவங்கள நான் திங்கக்கிழமை பாத்துக்குறேன், மூடின லைன எடுத்தது பெரிய தப்பு. உனக்கு நல்ல சேதி. ஆபீஸுக்குள்ள இருந்து வந்த தேடல எல்லாம் கழிச்சிடு. ஒரே டிக். பதினெட்டு வருது. லெட்டர் டைப் ஆயிட்டு இருக்கு."

அந்த டிக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டம், ஒரு தட்டு. அம்மாவின் கேள்விக்கு ஒரு வழியாகப் பதில்.

"அது உள்ள இருந்து வந்தது இல்ல சார். அத்தனையும் ஆஸ்பத்திரி ஆளுங்க கேட்டது. கட்டத்துல தட்டிக் கிடைக்காதவங்கதான் போன் பண்றாங்க. உண்மைக் கணக்கு இருபத்தேழுதான்."

"இருபத்தேழுக்கு லெட்டர் கிடையாதும்மா."

"தெரியும். அக்காவ அனுப்பிட்டா நாங்க கேக்குறதுக்கு வேற காது இல்ல. அத்தனை வாக்கியத்தையும் சேத்து, அந்த லைன் இருக்கணும்னு எழுதிட்டேன். நான் வச்ச பொய்ப் பக்கத்தையும் எழுதிட்டேன்."

"எங்க, குடு பாப்போம்."

"அனுப்பிட்டேன் சார். உங்களுக்கும், டைரக்டருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் போட்டால் முற்றுப்புள்ளியே திருத்த மறந்துவிடுவார்.

எனக்கு மூன்று மாத நீட்டிப்பு வந்தது, பொய்ப் பக்கத்துக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதமும். அந்த மூன்று மாதத்துக்கு லைனும் இருக்கட்டும், தேடல் தேறாவிட்டால் லைனையும் என்னையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அம்மா அன்று தன் கேள்வியைக் கேட்காமலே சாப்பாடு போட்டாள். அப்பா மட்டும், "கேட்ட காகிதம் வரல, கேக்காத காகிதம் வந்திருக்கு," என்று எச்சரிக்கைக் கடிதத்தை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பயிற்சி அறைக்குப் போய் நாற்காலியை அக்கா பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"இதுல உனக்கு என்ன லாபம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம நீ ஏன் பண்ற? அன்னைக்கு எடுத்த வீடியோ இன்னும் வச்சிருக்கியா?"

"அழிச்சிட்டேன்."

"காட்டு."

காட்டினேன். என் போனை வாங்கித் தானே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத் தந்தாள். அப்போது மணி அடித்தது. ஹெட்போனை மாட்டியவள் திரையை என் கண்ணில் படாதபடி கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் காதில் விழுவதை, நான் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு, சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தட்டினாள்.