அமலோற்பவத்தின் சிலுவை

இரும்புச் சிலுவையை இரண்டு ஆட்டு ஆட்டிப் பிடுங்கிய குழிவெட்டி ஆறுமுகசாமி, அதைக் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரில் சாய்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சிலுவையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த ‘அமலோற்பவம்’ என்ற பெயர் வெயிலில் பளிச்சென்று இருந்தது. போன நவம்பரில் சலேத்தம்மாள்தான் எழுதினாள். அந்தப் பெயரை அவள் முப்பத்திரண்டு வருசமாக, வருசத்துக்கு ஒரு முறை, எழுதிவருகிறாள்.

சலேத்தம்மாளின் புருசன் செல்லக்கண்ணுவின் சவப்பெட்டி கோயிலுக்குள் இருந்தது. காலையில் மைசூரிலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். மூன்று மணிக்குப் பூசை. அதற்குள் குழி தயாராக வேண்டும்.

ராமாபுரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் இந்தச் சின்ன மாதாகோயில் பங்கில் கல்லறைக்கு இடம் குறைவு. அதனால் பங்குக் கமிட்டி ஒரு சட்டம் வைத்திருந்தது. மைசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோன குடும்பங்களுக்குப் புதுக்குழி கிடையாது. குடும்பத்துப் பழைய குழி இருந்தால் திறந்துகொள்ளலாம். ஒரு குழிக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். முதலில் போனவரின் எலும்பைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் முடிந்து, புதிதாக வருகிறவரின் கால்மாட்டில் வைப்பார்கள்.

அந்தத் துணி ஜெசிந்தாவின் மடியில் இருந்தது. செல்லக்கண்ணுவின் மூத்த தாரமான அமலோற்பவம் பெற்ற ஒரே பெண். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். மைசூர் அக்ரஹாரத்துக் கடையில் நேற்றே இரண்டு மீட்டர் மல்துணி வாங்கி, ஓரம் அடித்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“இவ்ளோ போதுமா சித்தி? சின்னதாயிருமா?”

“போதும் கண்ணு.”

“எங்கம்மா போட்டோ கூட இல்ல. இன்னைக்குத்தான் மொதல் தடவையா பாக்கப்போறேன்.” சொல்லிவிட்டு, எதையோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல ஜெசிந்தா துணியை மறுபடி மடித்தாள்.

சலேத்தம்மாளின் பார்வை சுவரோரத்துக் கள்ளிச்செடியின் பக்கம் போய்த் திரும்பியது.

ஆறுமுகசாமி இடுப்பளவு இறங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை கேட்டார். இன்னும் அரையடி போனபின் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தார்.

“இது கன்னி மண்ணுங்க. மனுசன் கை பட்ட எடமே இல்லீங்க.”

செல்லக்கண்ணுவின் தம்பி மதலைமுத்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். “முப்பத்தஞ்சு வருசமாச்சுப்பா. எல்லாம் மண்ணோட மண்ணாப் போயிருக்கும்.”

“ஒருக்கா வெட்டுன மண்ணு பொலபொலன்னு வருமுங்க. இது கடப்பாரைக்கே மல்லுக்கு நிக்குது.”

“உன்ற கண்ணு சாராயத்துல மங்கிப்போச்சு.”

“நாலு வருசமா தொடறதில்லீங்க. உங்ககூட உக்காந்ததுதான் கடேசி.”

மதலைமுத்து வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணியிடம் வந்தார். “அண்ணி, வருசா வருசம் பெயின்ட் அடிக்கறவங்க நீங்க. இந்த எடந்தானுங்களே?”

பெயின்ட் அடித்த முதல் வருசம் சலேத்தம்மாளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் ஊருக்கு வந்திருந்தார்கள். சிலுவையைப் பிடுங்கி, கோயில் தாழ்வாரத்தில் வைத்துப் பெயின்ட் அடித்தாள். ராத்திரி முழுக்க மழை. காலையில் வந்து பார்த்தால் மண்மேடுகளெல்லாம் கரைந்து கல்லறை வயல்போல மட்டமாகக் கிடந்தது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நட்டாள். செல்லக்கண்ணு வந்து அதன் முன்னால் மண்டியிட்டு அழுதார். அவர் அழுதுகொண்டிருக்கும்போதுதான், ஐந்து தப்படி தள்ளி, கள்ளிச்செடிக்குக் கீழே, நீலக் கண்ணாடிக் குப்பி ஒன்று மண்ணில் தலைகீழாகப் பதிந்திருப்பதைப் பார்த்தாள். அமலோற்பவத்தின் ஆத்தா அடையாளத்துக்குப் பதித்த குப்பி என்று முன்பே கேள்விப்பட்டிருந்தாள். அவர் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று நின்றாள். எழுந்தவர் சிலுவையைப் பார்த்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அவள நல்லாப் பாத்துக்கற” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு, நாலு பேர் பார்க்க, அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருசம் சொல்லலாம் என்று வைத்தாள். அதற்கடுத்த வருசமும் அப்படியே போனது.

“அண்ணி?”

“ம்.”

“செரி வுடுங்க. ஒரு வகைக்கு நல்லதுதான்.” மதலைமுத்து குரலைத் தாழ்த்தினார். “உள்ள ஆளில்லீன்னா அண்ணன் ஒருத்தர்தான கணக்கு. நாளைக்கு உங்களுக்கும் இதுலயே எடமிருக்குது. புள்ள குட்டி இல்லாதவங்க, மைசூர்ல எங்க போய்க் கெடப்பீங்க? நானே கமிட்டில சொல்லிப்போடறேன்.”

சலேத்தம்மாள் குழியைப் பார்த்தாள். நாலு பக்கமும் நேராக, சுத்தமாக வெட்டியிருந்தது. அடியில் செம்மண் ஈரமாக இருந்தது. ஆறுமுகசாமி நல்ல வேலைக்காரர். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். அவள் வாயைத் திறக்கத் தேவையே இல்லை. எல்லாரும் அவளுக்காக எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள்.

ஜெசிந்தா குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். “அண்ணா, ஒரு பல்லு, ஒரு வளையல் துண்டு, ஏதாச்சும் இருக்கா பாருங்களேன்.”

“இல்லீங் அம்முணி.”

“இன்னொரு வாட்டி பாருங்க.”

ஆறுமுகசாமி அவளுக்காகக் கையாலேயே மண்ணைக் கிளறினார். ஜெசிந்தா துணியைத் தாழ்த்தவில்லை.

சலேத்தம்மாள் எழுந்து நடந்தாள். ஐந்து தப்படி. கள்ளிச்செடிக்கு இந்தப்பக்கம் நின்று காலால் சருகை ஒதுக்கினாள்.

“ஆறுமுகசாமி, இங்க வா.”

“அங்க எதுக்குங்க?”

“இங்கதான். ஒரு நீலக் குப்பி இருக்கும். ஒடைக்காம எடு.”

ஆறுமுகசாமி மேலேறி வந்து, மண்வெட்டியின் நுனியால் மெல்லச் சுரண்டினார். ஒரு சாண் ஆழத்தில் நீலக் கண்ணாடி தெரிந்தது.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றாள். “உங்களுக்குத் தெரியுமா சித்தி?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“உனக்கு மூணு வயசுலேர்ந்து.”

“ஹௌதா? அப்படியா?” என்றாள், கேள்வியாகவும் இல்லாமல். பிறகு, “அப்பாவுக்கு?”

“தெரியாது.”

ஜெசிந்தா சித்தப்பாவைப் பார்த்து, “ஃபாதர்கிட்ட பூசைய அரை மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்க” என்றாள்.

அங்கே மண் பொலபொலவென்று வந்தது. வந்ததை ஆறுமுகசாமி ஒவ்வொன்றாக மேலே நீட்ட, ஜெசிந்தா முழங்கால் போட்டு வாங்கினாள். ஒரு கொண்டை ஊசியும் வந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து, முந்தானையில் துடைத்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் துணிக்குள் வைத்தாள். முடிச்சுப் போட இன்னொருவர் விரல் வேண்டியிருந்தது. சலேத்தம்மாள் குனிந்தாள். அதற்குள் மதலைமுத்துவின் மனைவி கையை நீட்டிவிட்டாள்.

பெட்டியை நாலரை மணிக்குக் கள்ளியோரத்துக் குழியில் இறக்கினார்கள். வெள்ளை முடிச்சு கால்மாட்டில் போனது. எல்லாரும் மண் போட்டார்கள். சலேத்தம்மாளும் போட்டாள். சிலுவையை ஐந்து தப்படி நகர்த்தி நட்டார்கள். செல்லக்கண்ணுவின் பெயரையும் அதில் எழுத வேண்டும். யார் எழுதுவது என்று யாரும் பேசவில்லை.

கூட்டம் காப்பி குடிக்கக் கோயில் வாசலுக்குப் போனது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசல் கேட்டருகே மட்டும் ஒரு கணம் நின்றாள், செருப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

ஆறுமுகசாமி வெறுங்குழியின் பக்கம் வந்தார். “பொழுதோட மூடிரோணுமுங்க. ஆடு மாடு வுழுந்துரும்.”

“மூடு.”

“கமிட்டிலயும் மூடச் சொல்லிட்டாங்க. இந்த எடத்த வேற யாருக்கோ எழுதியாச்சாமா.”

“சரி, மூடு.”

முதல் வெட்டு மண் உள்ளே போனது. பெட்டி இல்லாத குழி. சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் மேலே வந்தது. ரோட்டில் மைசூர் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சலேத்தம்மாள் விளிம்பில் குனிந்து, கட்டி இல்லாத மண்ணாகப் பார்த்து, ஒரு பிடி எடுத்து, செல்லக்கண்ணுவுக்குப் போட்டதுபோலவே உள்ளே போட்டாள்.

ஆறுமுகசாமி மண்வெட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.