பிரிசில்லா போட்டு வைத்த இடம்

பொத்தேரிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், 2007-இல், ராஜேந்திரனும் பிரிசில்லாவும் எம்.சி.ஏ. கடைசி ஆண்டு. இருவருக்கும் ஒரே புராஜெக்ட். மாமல்லபுரம் கடலோரத்தில் ஓராண்டு எடுத்த அலை உயரங்களைப் பைத்தான் என்ற கணினி மொழியில் கணக்கிட்டுப் படமாகக் காட்ட வேண்டும். கணக்கு அவள் பங்கு, படம் அவன் பங்கு. ஆயுத பூஜை கழிந்த திங்கட்கிழமை ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்ப்பார். புரோகிராம் ஓடினால் வேலை. ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் கோட்டைவிட்ட ராஜேந்திரனுக்கு இதை விட்டால் வேறு நாதியில்லை.

புரோகிராம் ஓடத் துணையாக வேண்டிய பேக்கேஜ்களை லேப் சர்வரில் எங்கே போடுவது என்பதில்தான் தகராறு. எல்லோருக்கும் பொதுவான இடத்தில் போட லேப் பொறுப்பாளர் தாமோதரனின் பாஸ்வேர்டு வேண்டும். நல்ல மனுஷன், கெஞ்சினால் வந்து அதை அடித்துக் கொடுப்பார்.

"சார்கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷம். நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்றான் ராஜேந்திரன்.

"அது பொது எடம்டா. நாளைக்கே எவனாவது வேற வெர்ஷனை மேல போட்டான்னா நம்மளுது படுத்துடும்," என்றவள் தாமோதரன் பக்கம் திரும்பினாள். "சார், மெஷினைத் தொடச்சு ஃபார்மேட் பண்ணா எது மிஞ்சும்?"

"பசங்களோட சொந்த ஃபோல்டர் மட்டும் மிஞ்சும்மா."

அவ்வளவுதான், தன் ஃபோல்டரில்தான் போடுவது என்று முடிவு பண்ணிவிட்டாள். எந்த மகராசிக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றும்?

தன் பங்குக்கு வேண்டியதைத் தாமோதரனைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் பொது இடத்தில் போட வைத்துவிட்டு ராஜேந்திரன் டீ குடிக்கப் போனான். அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு பேக்கேஜைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்டது, அது மூன்றாவதைக் கேட்டது. செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே உட்கார வைத்தாள். "பயந்தாங்கொள்ளி" என்று ராஜேந்திரன் கேலி பண்ணினான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. மானிட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சர்வரை அணைத்துவிட்டுப் பசங்க எல்லோரும் ஊருக்குப் போனார்கள். தாமோதரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் விஜயதசமியன்று, பசங்களின் சொந்த ஃபோல்டர்களை மட்டும் விட்டுவிட்டு, சர்வரைச் சுத்தமாகத் துடைத்து, பழைய சிடியிலிருந்து புதிதாக ஏற்றுவார். நல்ல நாளில் நல்ல ஆரம்பம். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து அதைச் செய்தார். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராஜேந்திரன் தன் புரோகிராமை ஓட்டினான். அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது மெஷின். பக்கத்து மூன்று டீமும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தன. தாமோதரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மறுபடி இறக்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து நெட் நத்தையாக நகர்ந்தது. பத்து மணிக்குக் கம்பெனிக்காரர் வந்துவிடுவார். ராஜேந்திரன் மறுபடி மறுபடி என்டரைத் தட்டினான்.

"நகரு," என்று பிரிசில்லா வந்து உட்கார்ந்தாள். அவன் புரோகிராமின் தலையில் தன் ஃபோல்டரின் பாதையை ஒரே ஒரு வரியாகச் சேர்த்து, என்டர் தட்டினாள். திரையில் மாமல்லபுரத்து அலைகள் வரிசையாக எழுந்தன. அவனுக்கு வேண்டிய அத்தனையையும் அவள் முன்பே போட்டு, ஓட்டியும் பார்த்து வைத்திருந்தாள். ராஜேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்படி ஒருத்தியா என்று மலைப்பாக இருந்தது.

கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "மத்த டீம் எல்லாம் அழிஞ்சு போச்சுங்கிறாங்க. உன்னுது மட்டும் எப்படி ஓடுது?" என்று மறுபடி நாற்காலிக்கு வந்திருந்த ராஜேந்திரனைத்தான் கேட்டார்.

"என்னுதும் போயிடுச்சு சார். பொது எடத்துல போட்டேன். இது பிரிசில்லா அவ ஃபோல்டர்ல போட்டு வெச்சது. எனக்கும் சேர்த்து." சொல்லிவிட்டான். வேலை போனாலும் போகட்டும்.

அவர் அவளைப் பார்த்தார். "அவனுக்கும் ஏம்மா போட்டே?"

"அவன் போட மாட்டான்னு தெரியும் சார்."

அவர் சிரித்துவிட்டார். வேலைக்கு எடுப்பவர்கள் பட்டியலில் பிரிசில்லா பெயரை முதலில் எழுதினார். அதன் கீழே ராஜேந்திரன் பெயரையும் எழுதி, "உண்மையைச் சொன்னதுக்கு," என்றார். "ஆனா எங்க கம்பெனியிலயும் நீ இவங்க டீம்லதான் இருக்கணும்."

"அதான் சார் எனக்கும் வேணும்," என்றான் ராஜேந்திரன்.