மெடிக்கல் முடியட்டும்

பல்வலியோடு சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டடியில் நின்று கரி அள்ளிப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒவ்வொரு தடவை மண்வெட்டியைத் தூக்கும்போதும் வலது கடைவாய்ப் பல் ஒரு குத்துக் குத்தும். பெல்ட்டின் இரைச்சலில் நான் முனகுவது எனக்கே கேட்காது. அது ஒன்றுதான் சௌகரியம்.

நான் காண்ட்ராக்ட் ஆள். மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். நாலு வருஷம் இப்படி ஓடிய பிறகு, பர்மனென்ட் லிஸ்ட்டில் என் பெயர் வந்தது. மெடிக்கலில் தேறிவிட்டால் போதும். நிரந்தர வேலை, டவுன்ஷிப் பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர். மெடிக்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பார்த்து இந்தப் பல் தன் வேலையைக் காட்டியது.

ஷிப்டை மாற்றிக்கொண்டு கடலூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்னக் கம்பியால் பல்லைத் தட்டினார். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"உள்ளே நரம்பு அழுகிப்போச்சு, வேர்ல சீழ் கட்டியிருக்கு," என்றார். "பிடுங்கிடலாம், இன்னிக்கே வேலை முடிஞ்சிடும். இல்லேன்னா பல்லைக் குடைஞ்சு, வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைக்கலாம். பல்லு நிக்கும். ஆனா வாரம் ஒரு தடவையா நாலு தடவை வரணும்."

"எது நல்லதுங்க?"

"பல்லு கெட்டியாத்தான் இருக்கு, காப்பாத்தலாம். வர முடியாதுன்னா பிடுங்கிக்க. சும்மா மட்டும் விட்டுடாதே."

இந்த நேரத்தில் மேஸ்திரியிடம் நாலு நாள் லீவு கேட்க எனக்கென்ன பைத்தியமா? பிடுங்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயராமண்ணன் ஞாபகம் வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

ஜெயராமண்ணன் பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து சுரங்க வாசலில் வாட்ச்மேனாக நிற்பவர். மெடிக்கல் எப்படி நடக்கும் என்று எங்கள் லிஸ்ட்டில் இருந்த பதினோரு பேருக்கும் பாடம் நடத்தியது அவர்தான். "பல்லை எண்ணுவாங்கடா. ஒண்ணு குறைஞ்சாலும் அன்ஃபிட். என்கூட வந்தவனை அதுக்காகவே திருப்பி அனுப்பினாங்க, என் கண்ணால பார்த்தேன்." அன்றிலிருந்து நாங்கள் பதினோரு பேரும் நாக்கால் பல்லை எண்ணிக்கொண்டு திரிந்தோம்.

"மெடிக்கல் முடியட்டுங்க. அப்புறமா வந்து வேரைச் சுத்தம் பண்ணிக்கிறேன்," என்றேன். டாக்டர் எது கூடாது என்றாரோ அதையே செய்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் புஷ்பவல்லி தினமும் கிராம்பை நசுக்கிக் கொடுத்தாள், தினமும் திட்டினாள். "ஒரு பல்லுக்காவ வாயப் பொத்திகினு எத்தினி நாளு கெடப்ப? புடுங்கிப் போட்டா என்னா?"

"எண்ணுவாங்கடி."

"மாடா வாங்கறாங்க, பல்லப் புடிச்சிப் பாக்க?"

அதட்டலாம் என்றால் வாயைத் திறக்க முடியவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன். பதினோராவது நாள் கன்னம் வீங்கிவிட்டது. கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெடிக்கல் அன்று சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றோம். உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். எல்லாம் சரி. கடைசியில் கம்பெனி டாக்டர் என் மார்பில் கை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். நூற்று மூன்று.

"இவ்வளவு ஜுரத்தோட யாருய்யா உன்னை வரச் சொன்னது? இப்போதைக்கு அன்ஃபிட். அடுத்த லிஸ்ட்ல வா."

"அடுத்த லிஸ்ட் எப்பங்க?"

"அது ஆபீஸுக்குத்தான் தெரியும்."

"பல்லு எண்ணலீங்களா சார்? எல்லாம் இருக்குதுங்க," என்று வாயைத் திறந்து காட்டினேன். ஒரு விரல் அளவுதான் திறந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "பல்லை நான் எதுக்குய்யா எண்ணப்போறேன்? இதைப் பிடுங்கியிருந்தா ஜுரமே வந்திருக்காது. இன்னிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்."

பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். சட்டையை மாட்டக் கை வரவில்லை. முப்பத்தாறு வயது ஆள், அத்தனை பேருக்கு நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன். கம்பவுண்டர் நல்ல மனுஷன், ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடுங்க. பல்வலின்னா எப்பேர்ப்பட்ட ஆளும் அழுதுடுவான்."

"ஆமாங்க," என்றேன். அந்த நேரத்தில் பல் வலிக்கவே இல்லை.