மெழுகு வைத்த ஜாடிகள்

ஃபால்கர்க் ஊரின் இரும்பு வார்ப்படச் சாலையில், தோட்டத்து இரும்பு ஜாடிகளுக்கு வர்ணம் அடிப்பவள் இஷ்பெல். அவற்றுக்கு மணலில் அச்சு எடுப்பவன் அவள் புருஷன் டூகல். ஏழு மாதமாக அவன் கண் மங்கிக்கொண்டே வந்தது. அச்சுக்குள் உதிர்ந்த மணல் தெரியாமல், துருத்தியால் ஊதித் தள்ளாமல் விட்டுவிடுவான். உருக்கிய இரும்பை ஊற்றினால், மணல் கிடந்த இடமெல்லாம் ஜாடியில் ஓட்டை. விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். கண் தெரியாதவனை வேறு எந்த வார்ப்படச் சாலை சேர்த்துக்கொள்ளும்?

அதனால் தேன்மெழுகில் இரும்புத்தூளும் விளக்குக் கரியும் பிசைந்து ஓட்டையை அடைத்து, மேலே வர்ணம் பூசிவந்தாள் இஷ்பெல். டூகலிடம்கூட மூச்சு விடவில்லை. வீம்புக்காரன், தெரிந்தால் இடிந்துபோவான்.

அன்று அன்னக்கழுத்துக் கைப்பிடி வைத்த பெரிய ஜாடி ஒன்றை முடித்து வைத்தாள். அந்த அன்னத்தின் கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மெழுகு. மேஸ்திரி நிவென் வந்து அதில் விலாசச் சீட்டைக் கட்டினார்.

"இது எங்க போவுது, ஐயா?"

"ஒரு சீமாட்டி வீட்டுக் கண்ணாடிக் கூடத்துக்கு. வெந்நீர்க் குழாய் வச்சு எலுமிச்சை வளக்கறாங்களாம். நம்ம வீட்டுக் கணப்புக்குக் கரி இல்ல, எலுமிச்சைக்குக் குளிருதாம்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சூட்டில் மெழுகு ஒரு வாரம் தாங்காது. ஜாடியின் அடியில் டூகலின் எண் வேறு பொறித்திருந்தது.

"அனுப்பாதீங்க," என்றாள். "கழுத்துல மெழுகு இருக்கு. நான்தான் வச்சேன்."

நிவென் நிதானமாகச் சீட்டை அவிழ்த்தார். "சொல்றியான்னு பாக்கத்தான் கட்டினேன். பூனை கண்ண மூடிக்கிட்டா ஊரே இருட்டா? உன் மெழுகு ஜாடியெல்லாம் வடக்கே கல்லறைத் தோட்டங்களுக்குத்தான் போவுது. அங்க வெயிலும் இல்ல, குறை சொல்ல ஆளும் இல்ல."

"அப்ப அவர் வேலை..."

"திங்கக்கிழமையிலேருந்து மணல் பதம் பாக்கற வேலை. இப்பத்தான் இடம் காலியாச்சு. ஒரு பிடி மணலை அமுக்கி ஈரம் சொல்றதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல. அதுக்குக் கண்ணு எதுக்கு? போன மாசம் அவனேதான் வந்து கேட்டான்."

"அவரேவா?"

"அவனேதான். 'கண்ணு போறது இஷ்பெலுக்கு மட்டும் தெரிய வேணாம், தாங்க மாட்டா'ன்னு கெஞ்சினான்."

இஷ்பெல் அழுதாள். நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. மறுபடி உருக்கட்டும் என்று சுத்தியலை எடுத்து அன்னத்தின் கழுத்தில் ஒரே போடு போட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"நான் மெழுகு வச்சது அவருக்குத் தெரிய வேணாம், ஐயா. தாங்க மாட்டாரு."