சவுக்கடிக் காட்சி

1982இல், பாரிசில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், இக்னேசியஸ் ஒரு பிரெஞ்சுப் படத்தில் கூலியாக நடித்தார். நூறு வருடத்துக்கு முன்னே, பிரெஞ்சுக்காரரின் தீவொன்றில், கரும்புத் தோட்டத்தில் நடக்கும் கதை. முதலாளியின் மகளுக்குக் காதல், முதலாளிக்கு மனச்சாட்சி, கூலிகளுக்குக் கோவணம். அவருடைய அறையில் இருந்த அன்புராசாவும் கூட நடித்தான்.

பதினான்கு வருடம் கழித்து, அவர் குடியேறியிருந்த ரொறன்ரோவில் அதையே 'கிளாசிக்' என்று புதுப்பித்துக் காட்டினார்கள். இயக்குநரும் வருகிறார் என்று பத்திரிகையில் கிடந்தது. இக்னேசியஸ் நகரின் ஓரத்தில் தான் குடியிருந்த வோபர்னிலிருந்து மனைவி கிளடிஸையும் கூட்டிக்கொண்டு போனார். படம் பார்க்கும் ஆசை அவருக்கு இல்லை. அந்த ஆளை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

படத்தின் நடுவில் ஒரு கூலியைக் கட்டிவைத்து அடிப்பார்கள். திரையில் முதுகு மட்டுமே தெரியும். அது அன்புராசாவின் முதுகு. படப்பிடிப்பில் முதலில் துணிச் சவுக்கால்தான் அடித்தார்கள். இயக்குநருக்குத் திருப்தி வரவில்லை. உதவியாளரின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த தடவை வந்தது தோல் சவுக்கு. அன்புராசாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் அலறிய அலறலையே படத்தில் வைத்தார்கள். முடிந்ததும் இயக்குநர் அவனுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு ஒரு கிளாஸ் வைன் கொடுத்தார்.

"உது உண்மையான அடியோ?" என்று கிளடிஸ் இருட்டில் மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்."

அவள் அதன்பிறகு திரையைப் பார்க்கவில்லை.

விளக்குகள் எரிந்ததும் இயக்குநர் மேடைக்கு வந்தார். வெள்ளைத் தலை, கழுத்தில் பட்டுச் சால்வை. அந்தக் கூலிகள் நடிகர்கள் அல்லர், துன்பம் அவர்களுடைய இரத்தத்திலேயே இருந்தது, நடிக்கச் சொல்லிக் கொடுக்கவே தேவைப்படவில்லை என்றார். அந்த அலறல் கடவுள் தந்த பரிசாம். சனம் உருகிப்போய்க் கேட்டது.

இக்னேசியஸ் எழுந்தார். தானும் அந்தக் கூலிகளில் ஒருவன் என்று பிரெஞ்சில் சொன்னார். இயக்குநர் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார்.

"அடி வாங்கினவரின் பெயர் என்ன?" என்று இக்னேசியஸ் கேட்டார்.

பெயர்கள் மறந்துவிடும், முகங்கள்தான் மனதில் நிற்கும் என்றார் இயக்குநர்.

"அவருடைய முகத்தை நீங்கள் காட்டவே இல்லையே."

யாரோ சிரித்தார்கள். இயக்குநர் கொஞ்சமும் கூசவில்லை. இவர் இன்னும் அந்தக் காட்சியை விட்டு வெளியே வரவில்லை பாருங்கள், இதுதான் சினிமாவின் சக்தி என்றார். மண்டபமே கைதட்டியது.

வாசலில், ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் பின்னால் ஓடிவந்தாள். இயக்குநர் அவரோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுக்க விரும்புகிறாராம். கோவணத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னார் இக்னேசியஸ். அவளுக்கு விளங்கவில்லை. பரவாயில்லை, அடுத்தமுறை எடுக்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குப் போன் எடுத்து அன்புராசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"என்ரை முகம் வருதோ அண்ணை?"

"இல்லை. முதுகுதான்."

"படத்தின்ரை வீடியோக் கசெற் கிடைச்சால் அனுப்புங்கோ. நான் இஞ்சை தேடினனான், கிடைக்கேல்லை. பிள்ளையளுக்குக் காட்டவேணும்."

"அடி வாங்கினதைக் காட்டப் போறியோ? உனக்கு வெக்கமில்லையோ?"

"எனக்கேன் வெக்கம்? அடிச்சவனெல்லோ வெக்கப்படவேணும். அவன் அதைக் காட்டித்தானே பரிசு வாங்கித் திரியிறான்."

இக்னேசியஸ் மறுநாள் வேலை முடிந்து அந்தத் தியேட்டருக்குப் போய், அங்கே விற்ற கசெற் ஒன்று வாங்கினார். அதன் உறையில் இயக்குநர் தாடையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். உறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு, கசெற்றை மட்டும் பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றி பாரிசுக்கு அனுப்பினார்.