வட்டக் கையெழுத்து

மனுவில் யார் பெயரும் முதலில் இருக்கக் கூடாது என்று சொன்னது நான்தான்.

1981 பிப்ரவரி. எங்கள் கல்லூரி மாணவர் பேரவைக்கு அந்த ஆண்டு நான் தலைவன். பி.காம். கடைசி வருடம். பேரவை என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்கு மாலை போடுவோம். விளையாட்டுப் போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டுவோம். அவ்வளவுதான்.

அந்த வருடம் அதற்கு மேல் ஒரு வேலை வந்தது. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு விரிவுரையாளர். பெண் பிள்ளைகள் சோதனை செய்யும்போது பின்னால் வந்து நிற்பார். கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பார். கை மட்டும் என்றால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி ஜனவரியோடு படிப்பையே விட்டுவிட்டாள். விஷயத்தைப் பேரவைக்குக் கொண்டு வந்தவள் அமிர்தவல்லி. அவள் எங்கள் இணைச் செயலாளர், பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம், வீராம்பட்டினத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா சின்னப்பாப்பா, முதலியார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்பவள்.

கல்லூரி முதல்வருக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் எல்லாரும் பின்வாங்கினார்கள். அப்போதுதான் நான் சொன்னேன்.

"நடுவுல விஷயத்த எழுதுவோம். அத சுத்தி வட்டமா கையெழுத்து போடுவோம். எவன் மொதல்ல போட்டான்னு எவனுக்கும் தெரியாது. எங்கப்பா மில்லுல அப்படித்தான் பண்ணுவாங்க."

என் அப்பா சாமிக்கண்ணு மில்லில் தறி ஓட்டியவர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே அது வழக்கம்.

செயலாளர் பக்கிரி சிரித்தான். "ஒங்கப்பா மில்லுல கேட்டது கெடச்சிச்சா?"

"கெடைக்கல. ஆனா ஒருத்தரையும் வேலைய வுட்டுத் தூக்கல."

"அப்ப சரி. எனுக்கு போலீஸ் செலக்சன் வருது. தூக்காம வுட்டா போதும்."

அப்பாவின் சங்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. யார் கூப்பிட்டு விசாரித்தாலும் இன்னொருவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதையும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் போட்டோம். நான் சொல்லச் சொல்ல அமிர்தவல்லி எழுதினாள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் வேறு யாரையும் எழுதச் சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"தகாத முறையில்னு போட்டா போதுமா தலைவரே? இன்னா பண்ணாருன்னே எழுதிடலாமே."

"வேணாம். தகாத முறையில் போதும்."

"அந்தாளு படிச்சிட்டு சிரிக்கத்தான் அது ஒதவும்" என்றாள். ஆனாலும் நான் சொன்னபடியே எழுதினாள்.

ஐம்பத்து நான்கு கையெழுத்து. பதினொன்று பெண்களுடையது. காகிதத்தைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க முடியும். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இடைவேளையில் முதல்வர் மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கையெழுத்து மட்டும்தான் போட்டோம், வேறு எதுவும் தெரியாது என்று எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னோம். நானும் அதையேதான் சொன்னேன். முதல்வர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசியாக அமிர்தவல்லியைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"இன்னா கேட்டாரு?" என்றேன்.

"மனுவ வெச்சாரு. பக்கத்துலயே நம்ம நோட்டீஸ் ஒண்ண வெச்சாரு. போன வாரம் கபடிக்கு எழுதனேனே, அது. ரெண்டையும் பாத்துட்டு, எழுத்து நல்லாருக்குதும்மான்னாரு."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அறிவிப்புப் பலகையில் அவள் எழுத்துத்தான் இருக்கும். அந்த எழுத்தைத் தெரியாதவர் கல்லூரியிலேயே கிடையாது.

"யாரு சொல்லி எழுதனன்னு கேட்டாரு" என்றாள். "நானாத்தான் எழுதனேன்னு சொல்லிட்டேன்."

பக்கிரி பெருமூச்சு விட்டான். எனக்கும் நெஞ்சு லேசானது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நடுவுல எழுதுனது யாரு?"

"எங்க ஜாயிண்ட் செக்ரட்ரி. ஒரு பொண்ணு."

"சொந்தக் கையாலயா?"

"ஆமா."

அப்பா தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டார். "நாங்க எவனும் எழுதலடா. கோர்ட்டாண்ட மனு எழுதறவரு ஒருத்தரு குந்திகினு இருப்பாரு. அவருகிட்ட சொல்லி எழுதிக்கினு வருவோம். எங்களுக்குப் பேரு போடறதே பெரும்பாடு. நீங்கள்லாம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, அதான் இப்படி ஆயிடுச்சி."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாந்தான் சொன்னேன், அது எழுதுச்சின்னு நீ போயி சொல்லிடு" என்றார்.

"சொல்றேன்."

"எப்போ?"

"பரீச்ச முடியட்டும்பா."

முதல்வர் அவசரப்படவே இல்லை. யாரையும் தண்டிக்கவில்லை. விரிவுரையாளரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரலில் தேர்வு நடந்தது. பேரவை அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்தேன். அத்தோடு என் தலைவர் பதவி முடிந்தது. ஒரு காகிதத்துக்காக நாங்கள் எல்லாரும் திரும்ப அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நன்னடத்தைச் சான்றிதழ். அது இல்லாமல் அரசாங்க வேலை எதிலும் சேர முடியாது.

அமிர்தவல்லிக்குக் கடலூரில் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சிக்கு உத்தரவு வந்திருந்தது. ஜூன் பதினைந்துக்குள் அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் தெருவில் ஒரு பெண் மாதச் சம்பள வேலைக்குப் போவது அதுதான் முதல் முறை. கேட்டவர்களில் மற்ற எல்லாருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது. என்னுடையதை நான் அந்த வாரம்தான் கேட்டிருந்தேன். பக்கிரி வாங்கிக்கொண்டு போலீஸ் தேர்வுக்கே போய்விட்டான். அவளுடையதில் மட்டும் முதல்வர் கையெழுத்துப் போடவில்லை. நான்கு முறை வந்து திரும்பியிருக்கிறாள்.

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை, சைக்கிள் ஷெட்டில் என்னைப் பார்த்தாள்.

"பெரிய கிளார்க்கு சொல்றாரு, எழுதச் சொன்னது யாருன்னு ஒரு வார்த்த வந்தா அன்னிக்கே கையெழுத்து ஆயிடுமாம்."

நான் சைக்கிள் பூட்டில் சாவியைப் போட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னுதான பேசிக்கினோம். ஆனா நீங்களே போயி சொன்னீங்கன்னா அது வேற."

"நாளைக்கே போறேன்."

"நெஜமாத்தான?"

"காலைல பத்து மணிக்கு."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "எங்கம்மா கூட வரேன்னுது. எம்மாம் சொன்னாலும் கேக்காது. மீன் வாசன அடிக்குதுன்னு கிளார்க்கு மூக்கப் புடிச்சாலும் புடிப்பாரு. கண்டுக்காதீங்க" என்றாள்.

எனக்கும் ஒரு உத்தரவு வந்திருந்தது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை, வடக்கே பிலாஸ்பூரில். மில்லில் வேலை இல்லை, லே ஆஃப் என்று அப்பா நான்கு மாதமாக வீட்டில் இருந்தார். இதை எல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உண்மையாகவே போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். கேட் ஓரத்தில் அமிர்தவல்லியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

பெரிய கிளார்க் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்களை எல்லாம் கேலியாக, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்றுதான் கூப்பிடுவார்.

"முதல்வரப் பாக்கணும் சார்" என்றேன்.

"பாக்கலாம், உள்ளதான் இருக்காரு. அதுக்கு முந்தி இத வாங்கிக்கோங்க, முசியே. ஒங்களுது நேத்து சாயந்தரம் கையெழுத்தாயி வந்திச்சி."

உறையை நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். நடத்தை என்ற இடத்தில் மிக நன்று என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து. பதிவேட்டைத் திருப்பி வைத்தார். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். மேல் வரிசையில் அமிர்தவல்லி என்ற பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

முதல்வர் அறைக் கதவில் பாதிக்குத் திரை தொங்கும். திரைக்குக் கீழே அவர் செருப்பு தெரிந்தது. உள்ளே போய்ச் சொன்னால் இந்த உறையைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படி அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். அந்தத் திரைக்கும் எனக்கும் ஆறு அடிகூட இருக்காது.

"போறதுன்னா போங்க. கூட்டத்துக்குக் கெளம்பிடுவாரு" என்றார் கிளார்க்.

"இல்ல சார். இன்னொரு நாள் வர்றேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடி வைத்தார்.

வெளியே வந்தபோது சின்னப்பாப்பா அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டாள்.

"நீதான தம்பி தலைவரு? பொண்ணு சொல்லும். உள்ள போயி பேசனியா?"

"பேசனேம்மா."

"இன்னா சொன்னாரு பெரியவரு?"

அமிர்தவல்லி என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். கல்லூரி முத்திரை போட்ட உறை.

"பாக்கலாம்னு சொல்லியிருப்பாரு" என்று அவளே அம்மாவுக்குப் பதில் சொன்னாள். "வேற இன்னா சொல்லப் போறாரு? கூடைய எடும்மா, பஸ்ஸு வந்துரும்."

"இருடி. புள்ள நமக்காவ போயிட்டு வந்துக்குது, ஒரு வார்த்த சொல்லாம எப்படிப் போறது." சின்னப்பாப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லாருப்ப தம்பி. திங்கக்கெழமதான் கடைசியாம். அன்னிக்கி ஒருக்கா போயி சொல்றியா? நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேம்மா."

அமிர்தவல்லி அதற்குள் சாலையைத் தாண்டிவிட்டிருந்தாள். அவள் அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

திங்கட்கிழமை காலை விழுப்புரத்தில் நான் ரயில் ஏறினேன்.