ஒரு கொட்டாங்குச்சி மை

விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, ஒரு கொட்டாங்குச்சி நிறைய மை செய்து வைத்திருந்தேன். என் மகள் பாவாத்தாளின் கன்னத்தில் தினமும் காலையில் ஒரு பொட்டு வைப்பேன். எதற்கென்று தினமும் கேட்பாள்.

"அழகா இருக்கறவங்க மேல ஊருக் கண்ணு படும் சாமி," என்பேன். இரண்டரை வயதுக்கு அதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்ற நினைப்பு எனக்கு.

அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் கொட்டாங்குச்சியைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்கு ஓடினேன். பூசணிப் பிஞ்சுக்குப் பொட்டு, சுரைக்காய்க்குப் பொட்டு, செவ்வந்திப் பூ ஒவ்வொன்றுக்கும் பொட்டு. நடுவில் எங்கள் நாய் கருவாயன் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனோ அட்டைக் கறுப்பு. வைத்த பொட்டு தெரியாததால் மறுபடி மறுபடி அப்பியிருக்கிறாள். பாதி மை அவன் மூஞ்சியில்தான் இருந்தது.

"அடி கழுதை! ஒரு மாசத்து மையாச்சே!" என்று குனிந்து கையை ஓங்கினேன். அவள் பயப்படவே இல்லை. விரலில் மிச்சமிருந்த மையை என் கன்னத்தில் தேய்த்துவிட்டு, "அம்மாக்கு," என்றாள்.

ஓங்கிய கையை என்ன செய்வது? அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் முகம் கழுவும்போது அந்தக் கன்னத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வண்டி ஓட்டிப்போன பாவாத்தாளின் அப்பா பொழுது சாய வந்தார். மாட்டை அவிழ்க்கக்கூட மறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள, உம்மேல ஆரு கண்ணு வெக்கப் போறாங்க?"

"வந்ததுலயிருந்து உத்து உத்துப் பாக்கறது நீங்கதானுங்களே!" என்றேன்.